ஓலைக்காரன் புளியில் கை வைத்தவர்கள்

கணபதியில் மோட்டார் பட்டறைகள் இருக்கிற சந்துக்குள் போய்க் கிருபாவை விசாரித்தால், அவள் முகத்தைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், கையைப் பற்றித்தான் பேசுவார்கள். மதுக்கரையில் கல் உடைக்கிறவரின் மகளாகப் பிறந்து, பத்தொன்பது வயதில் அப்துல் வஹீதின் பட்டறையில் வைண்டிங் வேலைக்குச் சேர்ந்தவள். இப்போது நாற்பத்தொன்று ஆகிறது. வஹீது பாய் யாரையும் லேசில் பாராட்டுகிற ஆள் இல்லை. டீ அருமையாக இருந்தாலும் "பரவால்ல" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அவரே கிருபாவைப் பற்றி, "இந்தப் புள்ளைக்கு வெரல் நுனியில கண்ணு இருக்குதுங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலை இதுதான். எரிந்துபோன மோட்டார் வரும். அதன் இரும்பு வளையத்துக்குள் இருபத்துநாலு பள்ளங்கள் இருக்கும், ஸ்லாட் என்பார்கள். கருகின கம்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் அளவாகக் காகிதம் வெட்டி மடித்துச் செருக வேண்டும். அதற்கு மேல்தான் செம்புக் கம்பிச் சுருளை இறக்குவது. அந்தக் காகிதம் ஒரு கல்யாணப் பத்திரிகையின் தடிமன்கூட வராது. ஆனால் கரண்டை இரும்போடு சேரவிடாமல் தடுப்பது அதுதான். ஒரே ஒரு ஸ்லாட்டில் விட்டுப்போனாலும் மோட்டாரின் உடம்பெல்லாம் கரண்டு ஏறி, தொட்டவனைப் பிடித்துக்கொள்ளும். கிருபா வைண்டிங் செய்த மோட்டார் எதுவும் இருபத்தோரு வருஷத்தில் யாரையும் பிடித்ததில்லை.

அன்புமணி அந்தப் பட்டறைக்கு வாடிக்கையாக வந்தவன். அவனும் அவன் அண்ணன் மாசாணமும் பல்லடம், காங்கேயம் பக்கத்துத் தோட்டங்களில் கிணற்று மோட்டார்களைக் கழற்றி மாட்டுகிற ஆட்கள். அப்பன் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்து, தொழிலும் பழக்கிவிட்டவர் மாசாணம். தம்பி என்றால் அவருக்கு உயிர். நன்றாக ஓடுகிற மோட்டாரைக்கூட, "என்னமோ சத்தம் வருதுங்க" என்று தூக்கிக்கொண்டு அன்புமணி வாரம் ரெண்டு தடவை வர ஆரம்பித்ததும் வஹீது பாய்க்கு விஷயம் புரிந்துபோயிற்று. "தம்பி, சத்தம் மோட்டார்ல வரல, உங்க நெஞ்சுல வருது" என்றார். கல்யாணமாகிப் பதினாலு வருஷம். பிள்ளை இல்லை. அந்தக் குறையை ஒருத்தர் தலையில் ஒருத்தர் கட்டாமல் வாழ்ந்தார்கள் என்பதே பெரிய விஷயம்.

போன ஆடி மாதம் காங்கேயத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தென்னந்தோப்பிலிருந்து மோட்டார் வந்தது. மரமெல்லாம் காய்கிறது என்று தோப்புக்காரர் போன் மேல் போன் போட்டார். அன்றைக்குக் காலையில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் சண்டை. கிணற்று வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கடை போடுகிறேன் என்று அவன் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான், அண்ணனிடம் வாயைத் திறந்து சொல்லத்தான் அவனுக்குத் தைரியம் வரவில்லை. கிருபா கோபத்தோடு உட்கார்ந்துதான் அந்த மோட்டாரைக் கட்டினாள். மத்தியானம் கரண்டு போய்விட்டது. பல்பு போட்டுச் சோதிக்காமல் எந்த மோட்டாரையும் அவள் வெளியே விட்டதில்லை. "பொழுது போனா வேலையாகாது, குடு" என்று அன்புமணி வந்து நின்றான். "எடுத்துட்டுப் போய்த் தொலை" என்றாள். அவனும் எடுத்துக்கொண்டு போனான்.

சாயங்காலம் அஞ்சு மணிக்கு மாசாணத்தின் போனிலிருந்து தகவல் வந்தது. அன்புமணி மோட்டாரின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு குழாயை முடுக்கிக்கொண்டிருந்தானாம். பத்தடி தள்ளி, ஸ்விட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற மாசாணம் ஸ்விட்சைப் போட்டாராம். அவ்வளவுதான்.

அந்த மோட்டாரைப் பிரித்துப் பார்த்திருந்தால் அஞ்சு நிமிஷத்தில் உண்மை தெரிந்திருக்கும். அதைக் கண்ணால்கூடப் பார்க்க வேண்டாமென்று தோப்புக்காரர் மறுநாளே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். போலீஸ் வந்து ஸ்விட்ச் பெட்டியைத் திறந்து பார்த்தது. கம்பியெல்லாம் அதனதன் இடத்தில் சரியாக இருந்தது. விபத்து என்று எழுதி மூடிவிட்டார்கள். மிச்சமிருந்தது கிருபாவின் ஞாபகம் ஒன்றுதான், அதுவும் அவளைக் கைவிட்டது. இருபத்துமூன்று ஸ்லாட்டுக்குக் காகிதம் வைத்தது நன்றாக நினைவிருக்கிறது. கடைசி ஒன்று நினைவில் இல்லை.

யோசித்து யோசித்துப் பார்த்தாள். கோபம் நினைவிருந்தது, கரண்டு போனது நினைவிருந்தது, போய்த் தொலை என்றதும் நினைவிருந்தது. அதற்கப்புறம் அவள் பட்டறைக்குப் போகவில்லை. சோறு பிசைகிறபோது தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். புருஷனைக் கொன்ற கை இதுதானா என்று அந்தக் கையிடமே எப்படிக் கேட்பது?

ஆறாம் மாதச் சாங்கியத்துக்குச் சொந்தமெல்லாம் கூடியிருந்தபோது மாசாணம் அதை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். "என்ற தம்பி இவ கையாலதான் செத்தான். இல்லீன்னா ஓலைக்காரன் புளியில வந்து கையை வெச்சுச் சொல்லட்டும். அப்ப ஒத்துக்கறேன்." காங்கேயம் பக்கம் வேலைக்குப் போகிறபோது அந்த மரத்தைப் பற்றி அவர் யாரிடமோ அரைகுறையாகக் கேட்டிருந்தார். பொய் சொல்கிறவர் கையை அந்த மரம் விடாது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

வஹீது பாய் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். "மரத்துக்கு என்னம்மா தெரியும்? நீ எதுக்குப் போகோணும்?"

"எனக்கே தெரியலீங்க பாய். மரத்துக்காச்சும் தெரிஞ்சாச் சொல்லட்டுமுங்க" என்றாள் கிருபா.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிங்காநல்லூரில் பஸ் ஏறி, காங்கேயத்தில் மினி பஸ் மாறி, பூலாங்கரடு என்கிற நிறுத்தத்தில் இறங்கினாள். மாசாணம் பைக்கில் முன்னமே வந்து காத்திருந்தார். மணி பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. உச்சி வேளையில் கை வைத்தால்தான் செல்லும் என்று சொல்லியிருந்தார்கள்.

சாலையிலிருந்து மரத்துக்குப் போகிற வழியில் ஒரு தேங்காய்க் களம். ஏக்கர் கணக்கில் பிளந்த தேங்காய் மூடிகள் வானத்தைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. காங்கேயத்தில் தேங்காய் காயப்போட்டால் காக்காயை விரட்டவே தனி ஆள் வேண்டும். இங்கே ஒரு காக்காய்கூட இல்லை. விரட்டுகிற ஆளும் இல்லை. அவ்வளவு பெரிய களத்தில் அவர்கள் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. கிருபாவுக்குத் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது.

களத்தை மேற்பார்க்கிறவர் பெயர் ராமுலு. நாற்பது வயசுக்காரர், காதில் ப்ளூடூத், கையில் மஞ்சள் கரைத்த செம்பு. மரத்துக்கு மஞ்சத்தண்ணி வைக்கிற முறை அவர் குடும்பத்துக்குத்தானாம். களத்து வேலைக்கு நடுவில் இதையும் பார்த்துக்கொள்கிறார். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் பேசுகிற மாதிரி, "ரெண்டு பேருதானுங்களா? செருப்ப இங்கயே உட்டுருங்க" என்றார். பயமில்லாத அந்தக் குரலைக் கேட்டு கிருபாவுக்கு இன்னும் பயமாகிவிட்டது.

மரம் அந்த வெயிலிலும் கறுப்பாக இருந்தது. அஞ்சு பேர் கை கோத்தாலும் அடிமரத்தைச் சுற்ற முடியாது. ஒரு பக்கம் வெடித்து, மறுபக்கம் புடைத்து, நிற்கிறதா உட்கார்ந்திருக்கிறதா என்று தெரியாத ஒரு நிலை. தரையெல்லாம் புளி. வருஷம் வருஷமாக உதிர்ந்த புளி, மேலே புதுசும் கீழே மக்கினதுமாகக் கணுக்கால் அளவுக்குக் கிடந்தது. சாலையோரத்துப் புளிக்கே அடித்துக்கொள்கிற ஊரில் இதை ஒருத்தரும் பொறுக்கவில்லை. மிதித்தால் ஓடு நொறுங்கி, உள்ளே இருக்கிறது காலில் ஒட்டியது. களத்துக்கு அந்தப் பக்கம் தென்னங்கீற்றெல்லாம் காற்றில் ஆடிக்கொண்டிருக்க, இந்த மரத்தில் ஒரு இலை அசையவில்லை.

இடுப்பு உயரத்தில் ஒரு பொந்து. ஒரு கை போகிற அளவுதான். அதன் விளிம்பு மட்டும் கை பட்டுப் பட்டு வழவழவென்று மின்னியது. கிட்டே போனதும் அதற்குள்ளிருந்து ஒரு குளிர் வந்து கிருபாவின் கையில் பட்டது.

"கதை தெரியுமுங்களா?" என்று ராமுலு கேட்டார். தெரியாது என்றாள். தெரிந்துகொண்டுதான் கை வைக்க வேண்டும் என்று அவர் சொன்னார்.

மைசூர்ப் படையும் கம்பெனிப் படையும் மாறி மாறி இந்தச் சீமையை மிதித்த காலமாம். இங்கே இருந்த பாளையக்காரரிடம் ஓலை கொண்டுபோகிற ஒருவன் இருந்தான். எதிரி வருகிற வழியை எழுதின ஓலை ஒன்று காணாமல் போயிற்று. அதை இவன்தான் விற்றுவிட்டான் என்று அரண்மனைக் கணக்கன் குற்றம் சொன்னான். ஓலைக்காரன் அழுது பார்த்தான். யாரும் கேட்கவில்லை. இந்த மரத்திலேயே தூக்குப் போட்டார்கள். "ஓலை அந்தப் பொந்துல இருக்குதுங்க, வெச்சவன் கைக்கு மட்டும் எட்டும்" என்பதுதான் அவன் கடைசியாகச் சொன்னது. கணக்கன் சிரித்துக்கொண்டே கையை விட்டிருக்கிறான். கை வரவில்லை. மூன்று நாள் இந்த இடத்திலேயே நின்றிருக்கிறான். ஓலையை ஒளித்தது தான்தான் என்று கத்தி ஒத்துக்கொண்ட பிறகும் மரம் விடவில்லை. கடைசியில் தோளோடு வெட்டித்தான் ஆளை எடுத்தார்கள்.

"கை?" என்றாள் கிருபா.

"உள்ளதானுங்க இருக்குது" என்றார் ராமுலு. பிறகு மாசாணத்தைப் பார்த்து, "நீங்க வாங்க. குத்தம் சொன்னவங்கதானுங்க மொதல்ல" என்றார்.

மாசாணத்தின் முகத்தில் ரத்தமே இல்லாமல் போயிற்று. "நானா? நான் எதுக்குங்க? சத்தியம் பண்ண வேண்டியது அவ."

"மரம் புடிச்சது குத்தம் சொன்னவனைத்தானுங்களே. அதனால அவிகதான் மொதல்ல வெக்கோணும். இஷ்டமில்லீன்னாப் போயிருங்க, ஒண்ணும் தப்பில்ல. ஆனா அதுக்கப்பறம் இந்தப் பேச்சை நீங்க எங்கயும் எடுக்கக் கூடாது."

போய்விடலாம் மாமா என்று கிருபாவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. அவர் அவளையும் பார்த்தார், சாலையில் நிற்கிற பைக்கையும் பார்த்தார். ஊருக்குத் திரும்பினால் சொந்தக்காரர்கள் கேட்பார்களே, அதையும் நினைத்திருக்க வேண்டும். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டார். பொந்துக்கு முதுகு காட்டி, சாலையைப் பார்த்து நின்று, வலது கையைப் பின்னால் கொண்டுபோய் உள்ளே விடுவதுதான் முறை. உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது.

"என்ற தம்பி அன்புமணி செத்தது இவ கைத் தப்புனால" என்றார் மாசாணம். குரல் தெளிவாகத்தான் இருந்தது.

களம், சாலை, மரம் எல்லாம் அப்படியே இருந்தன. ராமுலு மெதுவாகப் பத்து வரைக்கும் எண்ணினார். மாசாணம் கையை உருவினார். சுலபமாக வந்துவிட்டது. ஒரு சிராய்ப்புகூட இல்லை. அவர் பலமாகச் சிரித்துவிட்டார். "பாத்தீங்கல்லங்க? பாத்துக்கிட்டீங்கல்ல?" என்று ராமுலுவிடம் ரெண்டு தடவை கேட்டார்.

அப்படியானால் தன் கைதான். கிருபா மரத்துக்கு முதுகு காட்டி நின்றாள். கை உள்ளே போயிற்று. முதலில் குளிர்ந்தது, பிறகு, ஆள் படுத்து எழுந்த பாய் போல ஒரு வெதுவெதுப்பு. அவள் விரல்கள் சும்மா இருக்கிற விரல்கள் இல்லையே, தானாகவே துழாவின. உட்சுவரில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக அஞ்சு பள்ளங்கள். ஒவ்வொன்றும் ஒரு விரல் அகலம். ஆழத்திலிருந்து வாய்ப் பக்கமாக, வெளியே வருவதற்குப் பறண்டின மாதிரி நீளமாக ஓடின. அவளுடைய அஞ்சு விரலும் அவற்றில் போய் அளவாக உட்கார்ந்தன.

"சொல்லுங்க அம்மிணி. என்ற கை தப்புப் பண்ணலன்னு சொல்லுங்க" என்றார் ராமுலு.

சொல்லிவிடலாம். ஒரு வரிதான். ஆனால் அவளுக்குத் தெரியாதே.

"கடைசி ஸ்லாட்ல வெச்சனா இல்லியான்னு எனக்கு ஞாபகமில்லீங்க" என்றாள் கிருபா. யாரிடம் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "வெக்காம உட்டிருந்தா இந்தக் கை எனக்கு வேண்டாம். எடுத்துக்குங்க."

"அப்படியெல்லாம் சொல்லக் கூடாதுங்க!" ராமுலு பதறிப்போனார். முதல் தடவையாக அவர் குரலிலும் பயம் தெரிந்தது. எண்ணவும் மறந்துவிட்டார். கிருபா தானே மனதுக்குள் பத்து எண்ணினாள். பிறகு இன்னொரு பத்தும் எண்ணினாள். பிடித்துக்கொள், பிடித்துக்கொண்டால் ஒரு பதிலாவது கிடைக்கும் என்று கெஞ்சினாள். ஒன்றும் பிடிக்கவில்லை. கையை எடுத்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. ரெண்டு பேர் கையையும் விட்டுவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

ராமுலு செம்பை எடுத்து வந்து அவள் கையில் மஞ்சத்தண்ணி ஊற்றினார். பிறகு மாசாணத்திடம், "நீட்டுங்க" என்றார்.

"ஊத்துங்க" என்றார் மாசாணம்.

"கையை நீட்டுங்க."

"நீட்டிட்டுத்தானுங்க இருக்கறேன்."

அவர் வலது கை தொடையோடு தொங்கிக்கொண்டிருந்தது. ராமுலு செம்போடு அப்படியே நின்றார். மாசாணம் குனிந்து தன் கையைப் பார்த்தார். வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தார். இடது கையால் அதைத் தூக்கினார், விட்டார், அது விழுந்தது.

"கிருபா, என்ற கை எங்க?"

"இங்கதானுங்க மாமா இருக்குது." அவள் ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொண்டாள். ஜில்லென்றிருந்தது.

"அது இல்ல. உள்ள இருக்குது. நான் வெளிய எடுக்கவே இல்ல கண்ணு. புடிச்சிருக்குது. ஒவ்வொரு வெரலாத் தொட்டுத் தொட்டுப் பாக்குது." அவர் பார்வை பொந்தை விட்டு நகரவில்லை. பேசப் பேசக் குரல் சின்னதாகிக்கொண்டே போனது. "சொல்லிர்றேன், சொல்லிர்றேன், உட்டுரச் சொல்லு."

யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. அவரே சொன்னார். பெட்டிக்குள் கம்பி நாலு. மூன்று கரண்டுக்கு, ஒன்று எர்த்துக்கு. எர்த் கம்பி மோட்டாரின் உடம்பில் போய்ச் சேருவது. பழைய ஒயர், சாயம் போய் நாலும் ஒரே நிறமாக இருந்தது. அடையாளம் பார்க்காமல் எர்த் கம்பியைக் கரண்டில் மாட்டிவிட்டார். ஸ்விட்சைப் போட்டதும் கரண்டு நேராக மோட்டாரின் உடம்புக்குப் போயிற்று.

"உன்ற மோட்டார்ல ஒண்ணுமில்ல கண்ணு. உன்ற கை தப்புப் பண்ணல. நாந்தான்."

கிருபா அப்படியே புளியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். ஏழு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் ஒரே நொடியில் இறங்கியது. சந்தோஷமாகக்கூட இருந்தது. புருஷன் செத்த கதையைக் கேட்டுச் சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. தன் கையை மடியில் வைத்துக்கொண்டு தடவிக் கொடுத்தாள். அவர் மேல் கோபம்கூட வரவில்லை. சாயம் போன ஒயரில் யாருக்கும் நேரக்கூடிய தப்புதான். தம்பியைக் கொன்றுவிட்டேன் என்று எந்த அண்ணன் வெளியே சொல்வான்?

ஆனால் அவள் தொழில்காரி. கொஞ்ச நேரத்தில் ஒன்று இடறியது.

"போலீசு பெட்டியைத் தொறந்து பாத்தாங்களே மாமா. கம்பி சரியாத்தான இருந்துச்சு?"

மாசாணம் தொங்குகிற கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எப்பங்க மாத்துனீங்க?"

"அவன் கத்துனதும் ஸ்விட்சை ஆஃப் பண்ணிப்போட்டேன்." அவர் வாய் கோணிக்கொண்டு வந்தது. "தோப்புக்காரரு சத்தங்கேட்டு அக்கட்டால இருந்து ஓடியாறாரு. பெட்டி தொறந்து கெடக்குது. யாராச்சும் பாத்துருவாங்கன்னு... மொதல்ல கம்பியை மாத்திட்டேன்."

"அவரு?"

"மூச்சு இருந்துச்சு கண்ணு. என்னையப் பாத்து அண்ணான்னான். இதோ வாரேன்டா, இதோ வாரேன்டான்னு சொல்லீட்டேதான் மாத்துனேன்."

ராமுலு செம்பைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ரெண்டு கம்பி. ரெண்டு ஸ்குரூ. அதை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, ஆயிரம் தடவை செய்தது. கிருபாவின் கை மடியிலிருந்து தானாக எழுந்தது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வெறுங்காற்றில் திருகத் தொடங்கின. முதல் ஸ்குரூவைத் தளர்த்தி, கம்பியை உருவினாள். ரெண்டாவதைத் தளர்த்தி உருவினாள். இடம் மாற்றிச் செருகினாள். ஒன்றை முடுக்கினாள், மற்றதை முடுக்கினாள், ஆடுகிறதா என்று இழுத்துப் பார்த்தாள். மூடியை வைத்து, அதன் திருகாணியையும் முடுக்கினாள். மாசாணம் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவள் எதையும் வேகப்படுத்தவில்லை. எல்லாம் முடிந்து கை நிற்கிறவரைக்கும் வெகுநேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அன்புமணி, அண்ணன் வருவான் என்று பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறான்.